பல படி விண்ணப்பமும் நிலைப்பொறியும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை ஒன்று வேண்டியபொழுது, நான் செய்யுந் தொழிலைப் பற்றியே எழுதுமாறு பணித்தனர். நான் இணையத்தளங்களுக்கு மென்பொருள் ஆக்குவோன். அத்தொழிலின் நுட்பங்கள் அனைத்தையும் விரிக்கப் புகுந்தால் மலரின் பக்கங்களும் போதா. வாசகரின் பொறுமையும் போதாது. ஆதலால் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது இக்காலத்தில் எம் மாணவர் ஒவ்வொருவரும் ஒருநாளேனும் எதிர்ப்படும் பொருள். கணனித் திரையிற் பல படிகளாக நிறைக்கப்படும் விண்ணப்பப் படிவம். அதில் எழுதப்படுவன செல்லுபடியானவையா என்பதை எங்கே, எப்பொழுது, எவ்வாறு சோதித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. நுட்பக் கல்வி பயிலாதாரும் விளங்கிக்கொள்ளுமாறு எழுத முயன்றுள்ளேன்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், பூவரசங்குளத்தில் எம் உறவினர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியபின் மேற்படிப்புக்கு விண்ணப்பஞ் செய்தாள். எந்த நிறுவனத்துக்கு என்பது ஈண்டு வேண்டா. வீட்டில் அலைபேசிச் சமிக்ஞை நின்று நிலைப்பதில்லை; ஆதலின் மன்னார் வீதியில் உள்ள கடையொன்றுக்குச் சென்று, அங்கிருந்த கணனியில் விண்ணப்பத்தை நிறைத்தாள்.

படிவம் நான்கு படிகளாக அமைந்திருந்தது. இரண்டாம் படியிற் பரீட்சைப் பாடங்களைக் குறித்தல் வேண்டும். அவள் கற்றவை இணைந்த கணிதம், பௌதிகவியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் என்னும் மூன்று. கைதவறி மூன்றாம் பாடத்தை இரசாயனவியல் எனத் தெரிந்துவிட்டாள். மூன்றாம் படியில், அப்பாடங்களுக்கு ஏற்ற பாடநெறிகளின் பட்டியல் தோன்றியது. அவற்றுள் நான்கைத் தெரிந்தாள். நான்காம் படியில் எல்லாவற்றையும் மீளப் பார்த்தபொழுதே தன் கைப்பிழையைக் கண்டாள். உடனே பின்சென்று பாடத்தைத் திருத்தினாள், மீண்டும் முன்வந்தாள், அனுப்பினாள். திரையும் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று நன்றி கூறிற்று.

இரண்டு மாதங்கள் கழிந்தபின் ஒரு கடிதம் வந்தது. அவள் முதலாவதாகவும் மூன்றாவதாகவும் தெரிந்த பாடநெறிகளுக்கு இரசாயனவியல் இன்றியமையாதது. தெரிவும் தகைமையும் ஒவ்வாமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முடிவுத் திகதி அப்பொழுது கடந்துவிட்டது. அவளுக்கு ஓராண்டு வீணாயிற்று.

வீட்டார் அவளைக் கடிந்தனர். நான் அவளைக் கடியவில்லை. தன் பிழையை அவள் தானே கண்டு திருத்தினாள். அதற்கு மேல் ஒரு விண்ணப்பகாரர் செய்யக்கூடியது யாது? இரண்டாம் படியில் ஒன்று மாறியபொழுது மூன்றாம் படியில் உள்ளவை ஐயத்துக்குரியனவாகிவிட்டன என்பதை அறிந்திருக்க வேண்டியது படிவம். அது அறியவில்லை. ஆகவே பிழை படிவத்தை ஆக்கியோருடையது. அஃதாவது என் போன்றோருடையது. அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை.

மறதியுள்ள தூதன்

இத்தகைய பிழை ஏன் எளிதில் நேர்கின்றது என்பதை அறிய, இணையத்தின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. செனீவா நகருக்கு அண்மையில் உள்ள சேர்ண் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1989 ஆம் ஆண்டில் உலகளாவிய வலையைப் பற்றிய தம் முதல் முன்மொழிவை எழுதினார். அவர் வகுத்த தொடர்பாடல் முறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனியானது. எம் கையில் உள்ள மேலோடி ஒரு பக்கத்தைக் கேட்கும், தொலைவில் உள்ள சேவையகம் அதனைக் கொடுக்கும், கொடுத்தவுடன் மறந்துவிடும். அடுத்த கணத்தில் அதே மனிதர் மீண்டும் கேட்டாலும், "நீர் யார்?" என்றே அது தொடங்கும். நேற்றுக் கொடுத்த கடிதத்தை இன்று நினையாத தபாற்காரரை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம்.

படித்துவிட்டுப் போகும் பக்கங்களுக்கு இம்மறதி குற்றமன்று, நன்மையே. ஆனால் நான்கு படிகளில் நிறைக்கும் விண்ணப்பத்துக்கு நினைவு வேண்டும். 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருல்லி என்பார் 'குக்கி' என்னும் சிறு குறிப்பை வகுத்தார். சேவையகம் ஒரு குறியெண்ணைக் கொடுக்க, மேலோடி அதனை ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும். அவ்வெண்ணைக் கொண்டு சேவையகம் தன் ஏட்டைப் புரட்டி இன்னாரென அறியும். ஆகவே வலையில் நினைவு என்பது இயற்கையாய் அமைந்ததன்று. யாம் செய்து வைப்பது. எதனை நினைவில் வைப்பது, விண்ணப்பகாரர் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதற்கு யாது பெயரிடுவது என்பன ஆக்குவோனின் பொறுப்பு.

இப்பொறுப்பைப் பலர் கொடிகளால் நிறைவேற்றப் பார்ப்பர். "முதற்படி முடிந்ததா? இரண்டாம் படி முடிந்ததா? பிழை உண்டா? அனுப்பப்படுகின்றதா? ஏற்கப்பட்டதா?" என ஐந்து கேள்விகளுக்கு ஆம், இல்லை என்னும் விடைகளைக் குறித்துவைப்பர். ஐந்து கொடிகளுக்கு 32 சேர்க்கைகள் உண்டு. அவற்றுள் உலகில் நிகழத்தக்கவை ஐந்தோ ஆறோதான். "ஏற்கப்பட்டது, ஆயினும் முதற்படி முடியவில்லை" என்பதும் அந்த 32 இல் ஒன்று. நிகழக்கூடாத அந்நிலைகளுக்கு மென்பொருளில் இடமிருக்கும் வரையில், ஒருநாள் அவற்றுள் ஒன்று நிகழ்ந்தே தீரும்.

மூவகைச் சோதனை

படிவத்திற் செய்யப்படும் சோதனைகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, தனிக்கட்டச் சோதனை. ஒரு கட்டத்தில் எழுதப்பட்டது தன்னளவிற் சரியான வடிவில் உள்ளதா என்று பார்ப்பது இது. எமது தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையின் இலக்கம் ஒன்பது எண்களும் அவற்றின் இறுதியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்னும் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் இலக்கம் பன்னிரண்டு எண்களால் ஆயது. இரு வகையாரும் எம்மிடையே உள்ளனர். ஆகவே படிவம் இரண்டினையும் ஏற்றல் வேண்டும்.

இரண்டாவது, ஒரே படியில் உள்ள கட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் சோதனை. புதிய அடையாள இலக்கத்தின் முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எனவே பிறந்த திகதியையும் பாலையும் வேறு கட்டங்களில் எழுதும்பொழுது, அவை இலக்கத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க முடியும்.

மூன்றாவது, படிகளுக்கு இடையேயான சோதனை. இதுவே கடினமானது. பல்கலைக்கழக அனுமதியை நினைத்துப் பாருங்கள். இலங்கையிற் பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்கள் மூவகையாகப் பங்கிடப்படுகின்றன: 40 வீதம் நாடு முழுவதற்கும் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கும் அவ்விறுதி வகையில் அடங்குவன. ஒருவர் எம்மாவட்டத்துக்கு உரியவர் என்பது அவர் கற்ற பாடசாலையைப் பொறுத்தது. ஆகவே ஒரு படியில் எழுதும் பாடசாலை, இன்னொரு படியில் உள்ள மாவட்டத்தை ஆளுகின்றது. ஒரு படியிற் குறிக்கும் பாடங்கள், மற்றொரு படியில் எப்பாடநெறியைத் தெரியலாம் என்பதை ஆளுகின்றன; மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும், பொறியியலுக்கு இணைந்த கணிதம் வேண்டும். இவற்றைத் தனித்தனியே பார்த்தால் யாவும் சரி. சேர்த்துப் பார்த்தால் மட்டுமே பிழை புலப்படும். எம் பெண்பிள்ளையின் விண்ணப்பத்தில் நேர்ந்ததும் இதுவே.

புகையிரதப் பாதையிலிருந்து ஒரு பாடம்

இனி நிலைப்பொறிக்கு வருவோம். பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் எம் முதியோர் நன்கு அறிந்ததே. வவுனியாப் புகையிரத நிலையத்தில் நின்ற பழைய மாணவர் பலர், வண்டி வரும்பொழுது நிலைய ஊழியரும் சாரதியும் பெரிய வளையமொன்றைக் கைமாற்றிக்கொள்வதைக் கண்டிருப்பர். அவ்வளையத்தில் தொங்கிய தோற்பையில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அத்தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த நிலையம் வரையுள்ள ஒற்றைப் பாதையில் வண்டியைச் செலுத்தக் கூடாது.

இம்முறையின் பின்னணி துயரமானது. 1874 இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே விடப்பட்டு மோதின. அதன்பின் எட்வேர்ட் ரையர் என்பார் 1878 இல் இத்தகட்டுப் பொறியை அமைத்தார். இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டால், அது ஏதேனும் ஒரு பொறியில் மீள இடப்படும் வரை இரு பொறிகளிலிருந்தும் வேறொரு தகடு வெளிவராது.

இதனைக் கூர்ந்து நோக்குமின். பாதைக்கு இரண்டே நிலைகள்: 'வெறும் பாதை', 'வண்டி உள்ள பாதை'. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரு நிகழ்வு வேண்டும்: தகட்டை எடுத்தல், தகட்டை இடுதல். அம்மாற்றத்துக்கு ஒரு காவலும் உண்டு: வேறு தகடு வெளியே இருத்தலாகாது. நிலை, நிகழ்வு, காவல், மாற்றம் என்னும் நான்கும் சேர்ந்ததே நிலைப்பொறி. "கவனமாயிருங்கள்" என்று ஊழியருக்கு அறிவுறுத்துவதோடு ரையர் நின்றுவிடவில்லை. பிழையான மாற்றத்துக்கு வழியே இல்லாதவாறு பொறியை அமைத்தார். எமக்கு வேண்டிய படிப்பினை அதுவே.

இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தோர் பலர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடங்களைச் சேர்ந்த ஜோர்ஜ் மீலி 1955 இலும், எட்வேர்ட் மூர் 1956 இலும் எழுதிய கட்டுரைகள் இத்துறையில் நிலைபெற்றவை. மூரின் பொறியில் வெளியீடு நிலையை மட்டும் பொறுத்தது. மீலியின் பொறியில் நிலையையும் அப்பொழுது வரும் உள்ளீட்டையும் பொறுத்தது. பெரிய அமைப்புகளில் நிலைகள் எண்ணிறந்து பெருகும் இடர்ப்பாட்டைக் கண்ட இசுரேலிய அறிஞர் டேவிட் ஹரெல், 1987 இல் நிலைக்குள் நிலையும், ஒருங்கே இயங்கும் நிலைகளும் கொண்ட வரைபட முறையை வெளியிட்டார். போர் விமானமொன்றின் மின்னணுக் கருவிகளை வகுத்த பொறியியலாளருக்கு உதவியபொழுதே அம்முறை அவருக்குத் தோன்றியது. அதனைத் தழுவிய எழுத்து வடிவமொன்றை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2015 இல் நியமமாக ஏற்றது.

படிவத்தை நிலைப்பொறியாக வகுத்தல்

இப்பொழுது ஒரு விண்ணப்பத்தை நாமே வகுத்துப் பார்ப்போம். அதற்கு ஆறு நிலைகள் போதும்: அடையாளம், கல்வி, தெரிவு, மீள்பார்வை, அனுப்பப்படுதல், ஏற்பு. நிகழ்வுகள் ஏழு: அடுத்து, முந்தி, சேமி, அனுப்பு, ஏற்பு விடை, மறுப்பு விடை, விடையின்மை.

ஒரு தாளில் ஆறு வரிசையும் ஏழு நிரலும் கொண்ட கட்டம் வரைக. மொத்தம் 42 அறைகள். ஒவ்வோர் அறையிலும், இந்நிலையில் இந்நிகழ்வு நேர்ந்தால் அடுத்த நிலை யாது என்று எழுதுக. 'அடுத்து' என்பது முதல் மூன்று நிலைகளுக்கே பொருந்தும். 'முந்தி' என்பது கல்வி, தெரிவு, மீள்பார்வை என்னும் மூன்றுக்கு. 'சேமி' முதல் நான்கு நிலைகளுக்கு. 'அனுப்பு' மீள்பார்வைக்கு மட்டும். 'ஏற்பு விடை', 'மறுப்பு விடை', 'விடையின்மை' என்பன அனுப்பப்படும் நிலைக்கே உரியன. ஏற்பு விடை வந்தால் ஏற்புக்குச் செல்லும். மறுப்பு விடை வந்தால் பிழைகளின் விவரத்தோடு மீள்பார்வைக்குத் திரும்பும். விடையே வாராவிடின் அங்கேயே நின்று மீண்டும் வினவும். எண்ணிப் பார்த்தால் 14 அறைகளில் மட்டுமே வழி உண்டு. 28 அறைகள் வெறுமையானவை.

அவ்வெறுமையே இம்முறையின் பயன். கடையில் உள்ள கணனி மெதுவாக இயங்குகின்றது. விண்ணப்பகாரர் பொறுமையிழந்து 'அனுப்பு' என்னும் பொத்தானை மும்முறை அழுத்துகின்றார். முதல் அழுத்தலில் நிலை 'அனுப்பப்படுதல்' ஆயிற்று. அந்நிலையில் 'அனுப்பு' என்னும் அறை வெறுமையானது. ஆகவே மற்றை இரு அழுத்தல்களும் பயனின்றி ஒழியும். விண்ணப்பம் மூன்றாகப் பெருகாது. இதற்கெனத் தனியே ஓர் உபாயம் தேட வேண்டியதில்லை. அட்டவணையே விடை கூறிவிட்டது.

விடையின்மை தனியே கவனிக்கத் தக்கது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபின் விடை வரும் வழியில் இணைப்பு அறுந்திருக்கவுங் கூடும். அதனைத் தோல்வி எனக் கொண்டு புதிதாய் அனுப்பினால் இரட்டிப்பாகும். ஆதலால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தொடக்கத்திலேயே ஓர் இலக்கம் கொடுத்தல் வேண்டும். அதே இலக்கத்தோடு மீண்டும் வினவினால், சேவையகம் புதிய பதிவு செய்யாமல் முன்னர்க் கொடுத்த பற்றுச்சீட்டையே திரும்பக் காட்டும்.

ஒவ்வொரு 'அடுத்து' மாற்றத்துக்கும் ஒரு காவல் உண்டு. அடையாளத்திலிருந்து கல்விக்குச் செல்ல, அடையாளப் படியின் தனிக்கட்டச் சோதனைகளும் ஒப்பீட்டுச் சோதனைகளும் நிறைவேற வேண்டும். தெரிவிலிருந்து மீள்பார்வைக்குச் செல்ல, தெரிந்த பாடநெறிகள் அக்கணத்தில் உள்ள பாடங்களுக்கு ஒவ்வ வேண்டும். அனுப்பும் மாற்றத்தின் காவலோ எல்லாப் படிகளையும் தொடக்கத்திலிருந்து மீளச் சோதித்தல் வேண்டும். "முன்னரே பார்த்தாயிற்று" என்பது அங்கே விடையாகாது.

பின்சென்று திருத்தும்பொழுது

எம் பெண்பிள்ளைக்கு இடர் நேர்ந்த இடம் இது. முன்செல்லும் வழியை எல்லோரும் காவல் செய்வர். பின்சென்று திரும்பும் வழியை மறந்துவிடுவர். இதற்கு ஹரெலின் ஒருங்கியங்கும் நிலைகள் உதவுகின்றன. முழுப் படிவத்துக்கும் உரிய நிலையோடு, ஒவ்வொரு படிக்கும் தனக்கென ஒரு சிறு நிலைப்பொறி இருக்கட்டும். அதற்கு நான்கு நிலைகள்: வெறுமை, குறை, செல்லுபடி, மீளாய்வுக்குரியது.

எப்படி எதனைச் சார்ந்தது என்பதையும் ஒரு பட்டியலில் எழுதிவைத்தல் வேண்டும். தெரிவு கல்வியைச் சார்ந்தது. மாவட்டம் பாடசாலையைச் சார்ந்தது. பிறந்த திகதியின் சோதனை அடையாள இலக்கத்தைச் சார்ந்தது. கல்விப் படியில் ஒரு பாடம் மாறினால், அதனைச் சார்ந்த தெரிவுப் படி 'செல்லுபடி' என்னும் நிலையிலிருந்து 'மீளாய்வுக்குரியது' என்னும் நிலைக்குத் தானே மாறும். அந்நிலையில் ஒரு படியேனும் உள்ள வரையில் மீள்பார்வைக்குச் செல்லும் கதவு திறவாது.

ஈண்டு ஒரு தவற்றினின்றும் விலகுதல் வேண்டும். பாடம் மாறியவுடன் தெரிவுகள் அனைத்தையும் அழித்துவிடுவது சிலர் வழக்கம். அஃது எளிது, ஆனால் இரக்கமற்றது. நான்கு தெரிவுகளுள் இரண்டு புதிய பாடங்களுக்கும் பொருந்துவனவாகலாம். அன்றியும், பாடத்தை மாற்றியதே கைப்பிழையாயின், விண்ணப்பகாரர் உடனே பழையபடி மாற்றுவார். அப்பொழுது அவர் உழைப்பு அனைத்தும் வீணாகும். ஆகவே அழித்தல் வேண்டா. பொருந்தாத இரண்டினையும் அடையாளமிட்டுக் காட்டி, காரணத்தையும் கூறி, முடிவை விண்ணப்பகாரரிடமே விடுதல் முறை.

சேமித்தல் வேறு, கடத்தல் வேறு

மின்சாரம் தடைப்படும் ஊர்களிலும் சமிக்ஞை நில்லாத ஊர்களிலும் உள்ளோருக்கு இப்பகுதி முக்கியமானது. 'சேமி' என்னும் நிகழ்வுக்குக் காவல் இருத்தலாகாது. அரைகுறையாய் எழுதியதும் பிழையாய் எழுதியதும் அப்படியே சேமிக்கப்பட வேண்டும். அப்படியின் நிலை மட்டும் 'குறை' என நிற்கும். பிழை நீங்கினாலன்றிச் சேமிக்கமாட்டேன் என்று படிவம் பிடிவாதஞ் செய்தால், பெறுபேற்றுத் தாளை எடுத்துவர வீட்டுக்குச் சென்றவர் திரும்பி வரும்பொழுது முதற்படியிலிருந்தே தொடங்க நேரும்.

சேமித்த படிவத்தால் வேறு இரு சிக்கல்கள் எழும். ஒருவர் கடையில் உள்ள கணனியிலும் தம் அலைபேசியிலும் ஒரே விண்ணப்பத்தைத் திறந்திருக்கலாம். ஒவ்வொரு சேமிப்புக்கும் தொடர் எண் இட்டால், பழைய எண்ணோடு வருவதைச் சேவையகம் ஏற்காது, "இது வேறிடத்தில் மாற்றப்பட்டுள்ளது" என்று அறிவிக்க முடியும். புதியதன்மேற் பழையது ஓசையின்றி எழுதப்படுவது தடுக்கப்படும். மற்றையது, இன்று சேமித்த படிவத்தை ஒரு கிழமையின் பின் திறக்கும்பொழுது விதிகளே மாறியிருக்கலாம். அதனாலேதான் இறுதிக் காவல் யாவற்றையும் அன்றுள்ள விதிப்படி மீளச் சோதிக்க வேண்டும் என்றேன்.

சோதனை எங்கே நிகழவேண்டும் என்னும் வினாவுக்கும் விடை கூறல் தகும். மேலோடியிற் செய்யும் சோதனை ஓர் உபசாரம். பிழையை உடனே காட்டிக் காலத்தை மிச்சப்படுத்துவது. சேவையகத்திற் செய்யும் சோதனையே அதிகாரமுடையது. மேலோடியில் இருப்பதை எவரும் மாற்றியனுப்ப முடியும். பாதை வெறுமையாயுள்ளது என்று சாரதி தாமே கூறினாற் போதாது. தகடு நிலையப் பொறியிலிருந்து வரவேண்டும். அவ்வாறே, இந்த விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்பதற்குச் சேவையகத்தின் ஏடே சான்று.

உண்மையினுங் கடுமையான சோதனை

இறுதியாக ஓர் எச்சரிக்கை. காவல் வலிதாயிருத்தல் நன்று. ஆனால் அஃது உண்மையினுங் கடுமையாகிவிடலாகாது. பிழையான விண்ணப்பத்தை ஏற்பது ஒரு குற்றம். சரியான விண்ணப்பத்தை மறுப்பது அதனினும் பெருங்குற்றம்.

அடையாள இலக்கத்தையே மீண்டும் எடுப்போம். அதில் உள்ள நாளெண், எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாள்கள் என்று கொண்டே கணிக்கப்படுகின்றது. 2005 மார்ச்சு முதலாந் திகதி பிறந்த பெண்ணை நினைக்க. தைக்கு 31, மாசிக்கு 29, பங்குனியில் ஒன்று, கூட்டினால் 61. பெண்ணாதலின் 500 சேர்ந்து 561. அவர் அட்டை 2005561 என்று தொடங்கும். இதனை அறியாத மென்பொருளாளர், 2005 சாதாரண ஆண்டாதலின் மாசிக்கு 28 நாள்களையே எண்ணி, 560 இருக்கவேண்டும் என்று கணிப்பார். அட்டையும் சரி, பிறந்த நாளும் சரி, ஆயினும் அப்பெண் ஒருபொழுதும் முதற்படியைத் தாண்டமாட்டார். மார்ச்சு முதல் டிசெம்பர் வரை பிறந்த எத்தனையோ பேர் அவ்வாசலில் வீணே நிற்பர்.

பெயர்க் கட்டங்களும் இத்தகையனவே. எம்மவர் பெயருக்கு முன் நிற்பது தந்தையின் பெயர் அல்லது அதன் முதலெழுத்து. மேனாட்டார் வழங்குங் குடும்பப் பெயர் எம்முட் பலர்க்கு இல்லை. 'இறுதிப் பெயர்' என்றொரு கட்டத்தைக் கட்டாயமாக்கினால், மாணவர் ஒரு படிவத்தில் ஒருவாறும் இன்னொன்றில் வேறொருவாறும் எழுதுவர். பின்னர்ச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒவ்வா. போராலும் இடப்பெயர்வாலும் ஆவணங்களை இழந்து, உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்வோரும் வன்னியில் உள்ளனர். அவர்கட்கும் படிவத்தில் ஒரு வழி இருத்தல் வேண்டும்.

பிழையை அறிவிக்கும் மொழியும் சோதனையின் ஒரு பகுதியே. "தவறான உள்ளீடு" என்பதால் எவருக்கும் பயனில்லை. "அடையாள அட்டையின்படி உமது பிறந்த நாள் மார்ச்சு 1, நீர் எழுதியது மார்ச்சு 11. எது சரி?" என்று கேட்டால், பாட்டியாரும் விடை கூறுவார்.

முடிவுரை

ஒரே பக்கத்தில் முடியும் சிறு படிவத்துக்கு இவ்வளவும் வேண்டா. நிலைப்பொறியை வகுத்ததனாலேயே விதிகள் சரியாகிவிடா என்பதும் உண்மை. 29 நாள் மாசியை அட்டவணை தானாக அறியாது. அது செய்வது வேறொன்று: ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் யாது நேரும் என்று முன்கூட்டியே சிந்திக்குமாறு ஆக்குவோனை அது வற்புறுத்துகின்றது. 42 அறைகளை நிறைக்க ஒரு மாலைப்பொழுது போதும். அம்மாலைப்பொழுதைச் செலவிடாமையால் ஒருத்திக்கு ஓராண்டு போயிற்று.

பூவரசங்குளத்துக்குச் செல்லும் அதே மன்னார் வீதியில், பம்பைமடுவில், முன்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021 ஆம் ஆண்டு ஓகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. எம் கல்லூரியிலிருந்து அங்கும் பிற இடங்களுக்குஞ் சென்று கணனிக் கல்வி பயிலும் இளைஞர் நாளை அரசாங்கத்துக்கும் வங்கிகளுக்கும் படிவங்கள் ஆக்குவர். அவர்கட்குப் பழைய மாணவன் ஒருவன் கூறக்கூடியது இதுவே. உமது திரையின் மறுபுறத்தில், சமிக்ஞை நில்லாத ஊரில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அமர்ந்திருக்கும் ஒருவரை மனத்திற் கொண்டு அட்டவணையை வரைமின். அவர் முன்சென்றாலும் பின்சென்றாலும் இடையில் எழுந்து போனாலும் வழிதவறாதிருப்பாராயின், உமது தொழில் செவ்வனே முடிந்தது.

பூவரசங்குளம். — பழைய மாணவன்